4. வயதுப் பிரிவு: கீழ் வரம்பிலிருந்து தொடங்குங்கள்

சென்னை கோட்டூர்புரத்தில் பள்ளிகளுக்கும் குடியிருப்புச் சங்கங்களுக்கும் இடையே ஒரு சியர்லீடிங் போட்டி நடத்தப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பில் அறிவிப்பைப் போட்டதும் வரும் முதல் கேள்வி, "எந்த வயசு வரைக்கும் சேத்துக்குவீங்க சார்?" என்பதாகத்தான் இருக்கும். எந்த வயதிலிருந்து என்று பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அமைப்பாளராகிய நீங்கள் முதலில் விடை தேட வேண்டியது அந்தக் கேள்விக்குத்தான்.

நம் விளையாட்டுப் பழக்கம் பெரும்பாலும் மேல் வரம்பை மட்டுமே அறிந்தது. பள்ளி விளையாட்டுகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிகின்றன. செஸ் போட்டிகளும் அப்படியே. கீழே கதவு திறந்திருப்பதை நாம் பெருமையாகவும் நினைக்கிறோம். பிரக்ஞானந்தா 2016-ல் 10 வயதில் சர்வதேச மாஸ்டர் ஆனார். குகேஷ் 2019-ல் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதைப் பார்த்த சென்னையில், சின்ன வயதிலேயே பெரிய பிரிவில் ஆடுவது திறமையின் அடையாளம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. செஸ்ஸுக்கு அது சரி. எட்டு வயதுக் குழந்தை பதினான்கு வயதுக்காரருடன் உட்கார்ந்து தோற்றால் போவது ஓர் ஆட்டம், கொஞ்சம் கண்ணீர்.

சியர்லீடிங்கில் எதிரணி உங்கள் பிள்ளையைத் தொடுவதே இல்லை. ஒவ்வோர் அணியும் தனித்தனியாக மெத்தை விரித்த தரையில் இரண்டரை நிமிடம் ஆடிவிட்டுப் போகிறது. பிள்ளையைத் தூக்குவதும் பிடிப்பதும் சில நேரம் கைநழுவ விடுவதும் சொந்த அணிதான். கீழே நிற்பவர்களை பேஸ் என்றும் மேலே ஏறுபவரை ஃப்ளையர் என்றும் சொல்வார்கள். கீழே நிற்பவர் வயதில் பெரியவராகவும் மேலே ஏறுபவர் முடிந்தவரை சிறியவராகவும் இருந்தால் தூக்குவது எளிது, மதிப்பெண்ணும் கூடும். அதனால் வரம்பு வைக்காத போட்டியில், கெட்ட எண்ணம் துளியும் இல்லாத பயிற்சியாளர்கூட ஆறு வயதுக் குழந்தையைத் தேடிப் போவார். விதியில் இருக்கும் ஓட்டை அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடும். மற்ற விளையாட்டுகளில் வயதுப் பிரிவு எதிரிகளுக்கிடையே நியாயம் செய்கிறது. இங்கே அது ஒரே அணியின் பிள்ளைகளை ஒருவரிடமிருந்து ஒருவர் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

நமக்கு இது புதிதும் இல்லை. பள்ளி ஆண்டு விழா பிரமிடை நினைத்துப் பாருங்கள். கீழே ஒன்பதாம் வகுப்பு, நடுவே ஏழாம் வகுப்பு, உச்சியில் கொடி பிடித்தபடி இரண்டாம் வகுப்புக் குழந்தை. அந்தக் குழந்தையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று நாம் கேட்டதில்லை. எடை குறைவு என்பதைத் தவிர வேறு காரணம் இருந்திருக்காது.

இந்தியாவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது மும்பையின் தஹி ஹண்டியில். உயரத்தில் தொங்கும் தயிர்ப்பானையை மனிதக் கோபுரம் கட்டி உடைக்கும் விழா அது. உச்சியில் ஏறுபவர் வழக்கமாகக் குழந்தை. 2014-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் 18 வயதுக்குட்பட்டோர் ஏறக் கூடாது, கோபுரம் 20 அடிக்கு மேல் போகக் கூடாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய்த் திரும்பி, 2017-ல் 14 வயதுக்குக் கீழ் யாரும் இல்லை என்ற உறுதியுடன் நின்றது. உயரக் கட்டுப்பாடு விலகியது. விழாக் குழுக்கள் மரபைப் பேசின, மருத்துவர்கள் முதுகெலும்பைப் பேசினார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றைக் கவனியுங்கள்: வயதைப் பற்றிய விவாதம் முழுவதும் கீழ் வரம்பு 18-ஆ, 14-ஆ என்பதைப் பற்றியே. மேல் வரம்பைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. ஜப்பானிலும் இதே பாடம்தான். 2015-ல் ஒசாகா அருகே யாவோ நகரப் பள்ளி ஒன்றில் பத்து அடுக்குப் பிரமிடு சரிந்து மாணவர்கள் காயமடைந்தார்கள். மறு ஆண்டே ஒசாகா நகரம் தன் பள்ளிகளில் பிரமிடைத் தடை செய்தது.

உலக அமைப்புகளும் மெல்ல மெல்லக் கீழ் வரம்பை உயர்த்தியே வந்திருக்கின்றன. பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் 1997 முதல் குறைந்தபட்ச வயது 16. சிட்னி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற சீன அணியில் ஒருவருக்கு அப்போது 14 வயதுதான் என்று தெரியவந்து, 2010-ல் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. பனிச்சறுக்கு நடனத்தில் மூத்தோர் பிரிவின் குறைந்தபட்ச வயதை 15-லிருந்து 17-ஆக உயர்த்த 2022-ல் முடிவானது. சியர்லீடிங்கின் உலக அமைப்பை சர்வதேச ஒலிம்பிக் குழு 2021-ல் முழுமையாக அங்கீகரித்தது. ஆட்டம் பெரிதாகும் காலம் இது. சின்ன ஊர்ப் போட்டிகள் விதிகளை இப்போதே சரியாக எழுதிக்கொள்வது நல்லது.

பிரிவுகள்

நான் பரிந்துரைப்பது நான்கு பிரிவுகள்: 6–8, 9–11, 12–14, 15–18. இதற்கு மேல் பிரித்தால் ஒவ்வொன்றிலும் ஓரணிதான் நிற்கும். குறைத்தால் இடைவெளி ஆபத்தாகும். முதலமைச்சர் கோப்பையின் பள்ளிப் பிரிவு 12 முதல் 19 வரை ஒரே பட்டையாக இருப்பதைப் பார்த்துப் பழகிய பி.டி. ஆசிரியர்கள் இங்கேயும் அதையே கேட்பார்கள். நூறு மீட்டர் ஓட்டத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை பின்தங்கும், அவ்வளவுதான். தோளில் ஏற்றி நிறுத்தும் ஆட்டத்தில் அந்தப் பட்டை தாங்காது என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

பிரிவுகளுக்கு சப்-ஜூனியர், ஜூனியர், சீனியர் என்று பெயர் வைக்காதீர்கள். ஒவ்வொரு பள்ளியும் அந்தச் சொற்களுக்கு ஒவ்வொரு பொருள் வைத்திருக்கிறது. பிறந்த ஆண்டையே பெயராக வையுங்கள். 2026 போட்டிக்கு "2015–2017-ல் பிறந்தோர்" என்று போட்டுவிட்டால் யாரும் விரல்விட்டு எண்ண வேண்டியதில்லை.

வயதோடு, செய்யக்கூடியது எது என்பதும் சேர வேண்டும். உலகெங்கும் இந்த ஆட்டம் படிநிலைகளில் நடப்பது அதனால்தான். தொடக்க நிலையில் ஆளைத் தூக்கி எறிவதே கிடையாது. நம் போட்டிக்கு இப்படி வைக்கலாம். 6–8 வயதில் துள்ளல், தாளம், குட்டிக்கரணம், அணிவகுப்பு போதும். ஏறுவதென்றால் மண்டியிட்டவரின் தொடைமேல் நிற்பதோடு சரி, பக்கத்தில் பெரியவர் ஒருவர் கை நீட்டியபடி இருக்க வேண்டும். இந்தப் பிரிவுக்கு முதலிடம், இரண்டாமிடம் வேண்டாம். எல்லாருக்கும் பதக்கம் கொடுங்கள். பரிசு இல்லையென்றால் துணிச்சல் காட்டச் சொல்லி எந்தப் பயிற்சியாளரும் குழந்தையை விரட்ட மாட்டார். 9–11-ல் இரு கால் ஊன்றித் தோள் உயரம் வரை நிற்கலாம், பின்னால் தலையையும் தோளையும் காக்க ஒருவர் கட்டாயம். ஒற்றைக் காலில் நிற்பது இடுப்பு உயரத்துக்கு மேல் போகக் கூடாது. 12–14-ல் கை நீட்டிய உயரம் வரை தூக்கலாம், எறிதல் கூடாது. எறிதல் 15–18-க்கு மட்டும், அதுவும் தகுதி பெற்ற பயிற்சியாளர் எழுதிக் கையெழுத்திட்டால்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு விதி: ஒரே தூக்கலில் சேரும் பிள்ளைகளில் மிக மூத்தவருக்கும் மிக இளையவருக்கும் மூன்று வயதுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. மேலே சொன்ன நான்கு பிரிவுகளும் இந்த விதியைத் தாமாகவே நிறைவேற்றும்படி அமைந்தவை. கடைசிப் பிரிவு நான்கு வயதுகளை உள்ளடக்கினாலும் 15-க்கும் 18-க்கும் இடையே மூன்றுதான். விதியைத் தனியாக எழுதி வைக்கச் சொல்வதற்குக் காரணம், போட்டிக்கு ஒரு வாரம் முன்பு "இந்த ஒரு பொண்ணை மட்டும் மேல் பிரிவில் ஆட விடுங்க, ரொம்ப நல்லா ஏறுவா" என்று ஒரு கோரிக்கை வரும் என்பதுதான். நல்ல பிள்ளை, நல்ல அம்மா, நல்ல பயிற்சியாளர், மறுப்பது கடினம். விதி எழுத்தில் இருந்தால் மறுக்கும் பாரம் உங்கள் தலையில் விழாது.

எடை மெஷின் வேண்டாம்

வயதுக்குப் பதில் எடையை வைத்துப் பிரித்தால் என்ன என்று பொறியாளர்கள் நிறைந்த இந்தப் பகுதியில் நிச்சயம் யாராவது கேட்பார்கள். கணக்குப்படி பார்த்தால் அது சரியாகவே தெரியும், தூக்குவது எடையைத்தானே. குத்துச்சண்டையிலும் மல்யுத்தத்திலும் அப்படித்தான் பிரிக்கிறார்கள். ஆனால் ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணை நண்பர்கள் முன்னால் எடை மெஷினில் ஏற்றி, நீ மேலே ஏற முடியாது, கீழே நில் என்று சொல்வது அவளை எங்கே கொண்டுபோகும் என்பதை யோசிக்க வேண்டும். ஜிம்னாஸ்டிக்ஸ், நடனம் போன்ற ஆட்டங்களில் உணவைத் தவிர்ப்பதும், அதனால் மாதவிடாய் நிற்பதும், எலும்பு பலவீனமாவதும் மருத்துவம் நெடுங்காலமாக அறிந்த கேடுகள். எந்தப் பிள்ளையின் எடையையும் போட்டித் தாளில் எழுதாதீர்கள். கீழ் வரம்பும் மூன்று வயது விதியும் இருந்தால், மிகச் சிறிய உடலைத் தேடும் ஆசை பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரே வயதுப் பிள்ளைகளுக்குள் யார் ஏறுவது என்பதைச் சமநிலையும் விருப்பமும் முடிவு செய்யட்டும்.

எடைக்குப் பதிலாக அளக்க வேண்டியது உயரம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, தனியாக, சுவரில் கோடு போட்டு அளந்தால் போதும். பெண்களுக்குப் பொதுவாகப் பதினொன்று, பன்னிரண்டு வயதிலும் பையன்களுக்குப் பதின்மூன்று, பதினான்கிலும் உயரம் வேகமாகக் கூடும் ஒரு காலம் வருகிறது. ஆண்டுக்கு எட்டு சென்டிமீட்டர் கூடுவது அப்போது சாதாரணம். எலும்பு முந்திக்கொள்ளும், தசை பின்தங்கும். நேற்று வரை கச்சிதமாக நின்ற பிள்ளை தடுமாறும், முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்று சொல்லும். மூன்று மாதத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருந்தால் புதிய தூக்கல் எதையும் கற்றுக்கொடுக்காதீர்கள். பழகியதையே செய்யட்டும். 12–14 பிரிவில் மீசை முளைத்த பையனும் இன்னும் குழந்தை முகம் மாறாத பையனும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். எந்தப் பிறந்த தேதியும் அந்த வித்தியாசத்தைத் தீர்க்காது. இங்கிலாந்தின் கால்பந்துக் கழகங்கள் சில இதற்காக வயதை விட்டுவிட்டு வளர்ச்சி நிலையைக் கணித்துச் சிறுவர்களைக் குழு சேர்த்துப் பார்க்கின்றன. நமக்கு அந்த ஏற்பாடு தேவையில்லை, பயிற்சியாளரின் கண் போதும். ஆனால் அந்தக் கண்ணுக்கு இந்த விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

எந்தத் தேதியை வைத்துக் கணக்கிடுவது

அதிகம் சண்டை வருவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். தமிழ்நாட்டில் பள்ளிச் சேர்க்கை ஜூலை 31-ஐ எல்லையாக வைத்து நடக்கிறது. விளையாட்டுகள் பெரும்பாலும் ஜனவரி 1-ஐ எல்லையாக வைத்திருக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதால், பிரிவு மாறும் இடத்தில் ஒரே வகுப்பில் படிக்கும் தோழிகள் இரண்டு பிரிவுகளில் விழுவார்கள்: 2017 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை பிறந்தவள் 9–11-ல், 2018 ஜனவரி முதல் ஜூலை வரை பிறந்தவள் 6–8-ல். பெற்றோர் இதை அநியாயம் என்பார்கள். எந்தத் தேதியை எடுத்தாலும் அதன் இருபுறமும் யாராவது இருக்கத்தான் செய்வார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு பதில் இல்லை. வெளிப்போட்டிகளுக்கும் போகப்போகும் பிள்ளைகள் என்றால் ஜனவரி 1-ஐயே வையுங்கள். போட்டி பள்ளிகளுக்குள் மட்டும் என்றால் ஜூலை 31 நண்பர்களைப் பிரிக்காது.

ஆனால் பிறந்த ஆண்டை வைத்துக் கணக்கிடுவதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளம் இருக்கிறது. 2017 டிசம்பரில் பிறந்த குழந்தை 2026 ஜூன் போட்டியில் தாளில் 9 வயது, உடம்பில் எட்டரை. 2020 டிசம்பரில் பிறந்த குழந்தைக்கு அன்று ஆறு வயதே ஆகியிருக்காது. நியாயத்துக்கு ஆண்டுக் கணக்கு போதும், பாதுகாப்புக்குப் போதாது. அதனால் மேல் வரம்பைப் பிறந்த ஆண்டை வைத்துப் பாருங்கள், கீழ் வரம்பைப் போட்டி நாளன்று நிறைவடைந்த வயதை வைத்துப் பாருங்கள். ஆறு முடிந்தால்தான் மெத்தைமேல் வரலாம், ஒன்பது முடிந்தால்தான் தோள் உயரம் ஏறலாம். தாளில் ஒன்பது, உடம்பில் எட்டரை என்றால் பிரிவில் இருக்கலாம், ஆடலாம், ஏறக் கூடாது.

ஆண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு மறைமுக லாபம் இருப்பதும் உண்மை. 1985-ல் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களை ஆராய்ந்த ரோஜர் பார்ன்ஸ்லி, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுந்திருப்பதைக் காட்டினார். அங்கேயும் எல்லை ஜனவரி 1. பத்து வயதில் பதினொரு மாத வித்தியாசம் பெரிது; மூத்தவரைத் திறமைசாலி என்று நினைத்துக் கூடுதலாகப் பயிற்சி கொடுக்கிறார்கள், அந்த நினைப்பு பிறகு உண்மையாகிவிடுகிறது. மூன்று ஆண்டுப் பிரிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓராண்டு கடைக்குட்டியாகவும் ஓராண்டு மூத்தவராகவும் இருக்கும் வாய்ப்பு வருகிறது. கடைக்குட்டி ஆண்டிலேயே பிள்ளையை விட்டுவிட வேண்டாம் என்று பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

சான்றிதழ்

வயது மோசடி இங்கே இரு திசையிலும் வரும். பரிசுக்காகப் பெரிய பிள்ளையின் வயதைக் குறைப்பார்கள், மேலே ஏற்றுவதற்காகச் சிறிய பிள்ளையின் வயதைக் கூட்டுவார்கள். இரண்டாவது அரிதாகத் தெரிந்தாலும் ஆபத்து அதில்தான். மத்திய அரசு 2010-ல் வயது மோசடிக்கு எதிராகத் தேசிய விதிமுறை கொண்டுவந்தது. கிரிக்கெட் வாரியம் இளையோரின் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறது. ராகுல் திராவிட் 2015-ல் ஆற்றிய பட்டோடி நினைவு உரையில் இந்த மோசடியைக் கடுமையாகக் கண்டித்துப் பேசினார். நம் அளவிலான போட்டிக்கு எக்ஸ்ரே கேட்பது தவறு. எலும்பு வயது என்பது ஒரு மதிப்பீடு, பிறந்த தேதி இல்லை.

கேட்க வேண்டியது பிறப்புச் சான்றிதழ். சென்னையில் பிறந்த குழந்தைக்கு மாநகராட்சியின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குச் சட்டப்படியே அதுதான் வயதுக்கு ஆதாரம். அந்தக் குழந்தைகள் நம் மெத்தைக்கு வர இன்னும் சில ஆண்டுகள் ஆகும். ஆதார் அட்டையை மட்டும் நம்பாதீர்கள். வயதை நிர்ணயிக்க அது ஏற்றதல்ல, பள்ளிச் சான்றிதழே மேல் என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. அதே நேரம், இது அடையாற்றங்கரை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சித்ரா நகர் போன்ற குடியிருப்புகளில் வீட்டுச் சாமான்களோடு சான்றிதழ்களும் போயின. மாற்றுச் சான்றிதழுக்காக அரசு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. அன்று கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று உங்கள் 9–11 பிரிவில் நிற்கிறார்கள். சான்றிதழ் இல்லை என்று ஒரு பிள்ளையை வாசலில் நிறுத்துவதற்கு முன் பள்ளித் தலைமையாசிரியரின் கையெழுத்திட்ட பதிவேட்டு நகலை ஏற்றுக்கொள்ளுங்கள். நகல் எடுத்துத் தர நேரமும் கொடுங்கள், குறைந்தது ஒரு மாதம். அடுக்குமாடி வீட்டுப் பெற்றோர் ஐந்து நிமிடத்தில் பி.டி.எஃப் அனுப்பிவிடுவார்கள். தினக்கூலிக்குப் போகும் அம்மாவுக்கு அது ஒரு நாள் சம்பளம்.

ஆள் குறைந்தால்

15–18 பிரிவு மெலிந்துதான் இருக்கும். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் அந்த வயதில் வருவதால் டிசம்பருக்கு மேல் பயிற்சிக்கு ஆள் கிடைக்காது. அந்தப் பிரிவின் போட்டியை ஆகஸ்ட், செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். மே மாத வெயிலிலும் வேண்டாம், மழைக்காலத்திலும் வேண்டாம் என்றால் மிச்சம் இருப்பது எப்படியும் அந்த மாதங்கள்தான். மெலிந்த பிரிவை நிரப்பக் கீழ்ப் பிரிவிலிருந்து ஆள் ஏற்றவே கூடாது. ஓர் அணி மட்டும் வந்தால் அந்த அணி தனியாக ஆடட்டும். முன்கூட்டியே அறிவித்த மதிப்பெண்ணை எட்டினால் தங்கம், அதற்குக் கீழே வெள்ளி என்று கொடுத்துவிடலாம்.

அக்காவும் தம்பியும் ஒரே அணியில் இருக்க வேண்டும் என்ற கோரிக்கைக்குப் பின்னால் பெரும்பாலும் ஆட்டோ செலவுதான் இருக்கிறது. இரு பிரிவுகளின் பயிற்சியையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வைத்தால் கோரிக்கை தானாகவே மறைந்துவிடும்.

பிரிவுப் பட்டியலை ஜூனில் பள்ளி திறந்ததும் வெளியிடுங்கள், அந்தக் கல்வியாண்டு முடியும் வரை ஓர் எழுத்தையும் மாற்றாதீர்கள். வயது குறித்த புகார்களைக் கேட்க மூவர் போதும்: எந்த அணியையும் சேராத உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், மருத்துவர் ஒருவர், பெற்றோர் தரப்பிலிருந்து ஒருவர். புகார் எழுத்தில் வர வேண்டும், போட்டிக்கு ஏழு நாள் முன்னதாக வர வேண்டும். பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது, சான்றிதழை மட்டும் பார்க்க வேண்டும். போட்டி நாளன்று மெத்தை ஓரத்தில் எழும் வயதுப் புகாருக்கு ஒரே ஒரு விதிவிலக்கு: மேலே ஏறப்போகும் குழந்தைக்குக் குறித்த வயது நிறையவில்லை என்று சந்தேகம் வந்தால், அணி ஆடட்டும், அந்தக் குழந்தை தரையில் நின்று ஆடட்டும், தூக்கலுக்கான மதிப்பெண்ணைச் சான்றிதழ் பார்த்த பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.